பாடம் எப்படி ஆசிரியர் ஆனது? பல்கலைக்கழக ஆன்டாலஜியில் பிழை தேடும் முறை

ஒரு பல்கலைக்கழகத்தில் என்னென்ன இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன தொடர்பு என்பதைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி. மாணவர், ஆசிரியர், துறை, பாடம் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, எழுதியதிலிருந்து புதிய முடிவுகளைக் கண்டுபிடிக்கும் ரீசனர் என்ற மென்பொருளை ஓட்டுகிறீர்கள். 'தரவுத்தள அமைப்பு' என்ற பாடம் ஆசிரியர்கள் பட்டியலில் வந்து நிற்கிறது. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மென்பொருளில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். நாம் எழுதியதை ரீசனர் எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் மனதில் நினைத்தது ஒன்று, ஆன்டாலஜி எழுதப் பயன்படும் ஆவ்ல் மொழியில் எழுதியது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

ஒரே வகையானவற்றின் தொகுப்பைக் குறிக்கும் கிளாஸ் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது 'வகுப்பு' என்று எழுதினால் பாடம் நடக்கும் வகுப்போடு குழம்பிவிடும். கிளாஸுக்குள் வரும் தனி ஆளையோ பொருளையோ உறுப்பு என்கிறேன். ஓர் உறுப்பை இன்னோர் உறுப்போடோ ஒரு மதிப்போடோ இணைக்கும் தொடர்பு ப்ராப்பர்ட்டி. ஆன்டாலஜி எழுதும் கருவியாக புரோட்டீஜே 5, ரீசனராக ஹெர்மிட் என்று வைத்துப் பேசுகிறேன். வேறு கருவி வைத்திருந்தாலும் காரணங்கள் மாறாது.

எதைத் திருத்துவதற்கும் முன்னால் ஒரு வேலை. ரீசனர் தானாக அனுமானித்ததை புரோட்டீஜே வெளிர் மஞ்சள் பின்னணியில் காட்டும். அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், அந்த முடிவுக்கு எந்தெந்த ஆக்சியம் (நாம் எழுதிய கூற்று) சேர்ந்து காரணமானது என்று பட்டியல் வரும். ஊகத்தில் திருத்தாதீர்கள். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

## பாடம் ஆசிரியர் பட்டியலில் நிற்கிறது

கேள்விக்குறியை அழுத்திப் பாருங்கள். அநேகமாக இரண்டே வரிதான் வரும்:

கற்பிக்கிறார் — டொமைன்: ஆசிரியர்
தரவுத்தள அமைப்பு — கற்பிக்கிறார் — மலர்விழி

தரவை ஏற்றியவர் இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார். மலர்விழி பாடத்தைக் கற்பிக்கிறார் என்பதற்குப் பதில் பாடம் மலர்விழியைக் கற்பிக்கிறது என்று வந்துவிட்டது. தரவுத்தளத்தில் இதைச் செய்திருந்தால் அந்த வரியை உள்ளேயே விட்டிருக்காது. ஆவ்லில் டொமைன் என்பது வாசலில் நிற்கும் காவலாளி இல்லை. 'யார் கற்பித்தாலும் அவர் ஆசிரியர்' என்று சொல்லும் விதி அது. ரீசனர் அந்த விதியைப் பாடத்தின் மேல் பயன்படுத்தி, பாடத்தை ஆசிரியர் ஆக்கிவிட்டது. கற்பிக்கப்படுவது எது என்று சொல்லும் ரேஞ்ச் பாடம் என்று இருந்தால், அதே வேகத்தில் மலர்விழியும் ஒரு பாடம் ஆகியிருப்பார். அதையும் பாருங்கள்.

மூன்று காரியம் செய்ய வேண்டும். தரவைத் திருத்துவது முதல் காரியம். இரண்டாவது, நபர், நிறுவனம், பாடம், கட்டடம், ஆவணம் என்ற மேல்மட்டக் கிளாஸ்கள் ஒன்றோடு ஒன்று டிஸ்ஜாயிண்ட், அதாவது பொது உறுப்பு இல்லாதவை, என்று எழுதுவது. எழுதிவிட்டால் அடுத்த முறை இதே தவறு அமைதியாகக் கடந்து போகாது, முரண்பாடாக வெடிக்கும். பலர் டிஸ்ஜாயிண்ட் எழுதவே மாட்டார்கள். பாடமும் நபரும் வேறு வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரீசனருக்குச் சொன்னால்தான் தெரியும்.

மூன்றாவது, உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியது தரவுச் சோதனை என்றால் அதற்கு ஷாக்கிளைப் பயன்படுத்துவது. இந்த வேலைக்கென்றே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் பரிந்துரைத்த மொழி அது. 'ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடக்குறியீடு இருந்தே ஆக வேண்டும்' என்பதை ஆவ்லில் எழுதினால், குறியீடு இல்லாத பாடத்தைப் பற்றி ரீசனர் புகார் சொல்லாது. எங்கோ ஒரு குறியீடு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஷாக்கிள் அந்தப் பாடத்தைச் சுட்டிக் காட்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. 'வெளியிட்டார்' என்ற ப்ராப்பர்ட்டிக்கு முதலில் ஆசிரியர் என்று ஒரு டொமைன் கொடுத்தீர்கள். ஆய்வு மாணவர்களும் கட்டுரை வெளியிடுவார்களே என்று அப்புறம் இரண்டாவது டொமைனையும் சேர்த்தீர்கள். இரண்டில் ஒன்று என்று நீங்கள் நினைத்தீர்கள். இரண்டும் சேர்ந்தவர் என்று ஆவ்ல் படிக்கும். கட்டுரை வெளியிட்ட ஒவ்வொருவரும் ஆசிரியராகவும் ஆய்வு மாணவராகவும் ஒருசேர மாறிவிடுவார்கள். 'ஆசிரியர் அல்லது ஆய்வு மாணவர்' என்று ஒரே டொமைனாக எழுதுங்கள். அதைவிட, டொமைனை நபர் என்று தளர்த்திவிடுவது நல்லது என்பது என் எண்ணம். டொமைன் குறுகக் குறுக, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் போய் வேலை செய்யும்.

## கிளாஸ் சிவந்து, நத்திங்குக்குக் கீழே போய்விட்டது

எந்த உறுப்பும் இருக்க முடியாத கிளாஸை புரோட்டீஜே சிவப்பாக, நத்திங் என்ற வெற்றுக் கிளாஸின் கீழே காட்டும். பல்கலைக்கழக ஆன்டாலஜியில் முதலில் சிவப்பது அநேகமாக 'கற்பித்தல் உதவியாளர்' என்ற கிளாஸ்தான். அவர் முதுநிலை மாணவர். கூடவே சம்பளம் வாங்கும் ஊழியரும். மாணவரும் ஊழியரும் டிஸ்ஜாயிண்ட் என்று எங்கோ ஒரு வரி இருக்கும். மூன்றும் சேர்ந்தால், அப்படி ஒருவர் இருக்கவே முடியாது என்று ரீசனர் முடிவு செய்துவிடும்.

இங்கே பொறுமை வேண்டும். ஒரு கிளாஸ் சிவந்தால் அதை நம்பி நிற்பவையும் சிவக்கும். 'ஆய்வகப் பாடம் ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு கற்பித்தல் உதவியாளர் நடத்துவார்' என்று எழுதியிருந்தால், ஆய்வகப் பாடமும் சிவந்து நிற்கும். ஆய்வகப் பாடத்தில் எந்தத் தவறும் இல்லை. சிவந்த கிளாஸ்கள் பதினைந்து இருந்தால் பதினைந்து தவறு என்று மலைக்காதீர்கள். விளக்கப் பட்டியல் எதற்கு மிகச் சிறியதாக இருக்கிறதோ, மற்றொரு சிவந்த கிளாஸின் பெயர் எதன் பட்டியலில் வரவில்லையோ, அதுதான் வேர். அதைத் திருத்திவிட்டு ரீசனரை மறுபடி ஓட்டினால் மற்றவை தானாகத் தெளியும்.

சரி, திருத்துவது எப்படி? டிஸ்ஜாயிண்ட் வரியை நீக்கினால் சிவப்பு போய்விடும். ஆனால் அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று யோசிப்பது முக்கியம். மாணவர் என்பதும் ஊழியர் என்பதும் ஒருவரின் இயல்பு இல்லை, அவர் சில காலம் ஏற்கும் பொறுப்பு. நபர் வேறு, பாடம் வேறு என்று பிரிப்பது போல மாணவரையும் ஊழியரையும் பிரிக்க முடியாது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மாலை நேரப் படிப்பில் சேர்ந்தால் அவரும் இரண்டுமாக இருப்பார். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டாகவும் இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் டிஸ்ஜாயிண்ட் வேண்டாம். எனக்குத் தெரிந்து வேறு எந்தக் கேள்வியும் இந்த அளவுக்குப் பிழைகளைக் குறைத்ததில்லை.

## ரீசனர் மொத்தமாக நின்றுவிட்டது, ஆன்டாலஜி முரண்பட்டது என்கிறது

கிளாஸ் சிவப்பதும் இதுவும் வேறு வேறு. சிவந்த கிளாஸில் உறுப்பு எதுவும் இல்லாதவரை ஆன்டாலஜி ஓடும். 'கபிலன் ஒரு கற்பித்தல் உதவியாளர்' என்று ஒரு வரி சேர்த்த நிமிடத்தில் மொத்தமும் முரண்பட்டுவிடும். முரண்பட்டதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பதால் ரீசனர் எந்த விடையும் தராமல் நின்றுவிடும்.

அதனால் முதலில் தரவு எதுவும் இல்லாமல், கிளாஸும் ப்ராப்பர்ட்டியும் மட்டும் உள்ள கோப்பை ஓட்டுங்கள். சிவப்பு இருந்தால் மேலே சொன்னபடி திருத்துங்கள். இல்லையென்றால் கோளாறு தரவில் இருக்கிறது. தரவில் பாதியைச் சேர்த்து ஓட்டுங்கள், முரண்பட்டால் அதில் பாதி, இப்படியே குறுக்கிக்கொண்டு போகலாம். இரண்டு பாதியும் தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் வெடித்தால், முரண்பாட்டின் ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் இருக்கிறது. ஒரு பாதியை முழுசாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் குறுக்குங்கள். ஃபங்ஷனல், அதாவது ஒருவருக்கு ஒரே மதிப்புதான், என்று குறித்த 'பதிவு எண்' ஒரே மாணவருக்கு இரண்டு வந்திருப்பது அடிக்கடி அகப்படும் காரணம். இரண்டு அலுவலகங்களின் பட்டியலைச் சேர்க்கும்போது இது வரும்.

## இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்

பதிவு எண் இரண்டு வந்தால் வெடிக்கிறது. துறைத் தலைவர் இருவர் வந்தால் வெடிப்பதில்லை. அதுதான் ஆபத்து.

'துறைத் தலைவர்' என்ற ப்ராப்பர்ட்டியை ஃபங்ஷனல் என்று குறித்திருக்கிறீர்கள், ஒரு துறைக்கு ஒரே தலைவர் என்பதால். இயற்பியல் துறைக்கு மலர்விழி தலைவர் என்றும், கபிலன் தலைவர் என்றும் தரவில் இருக்கிறது. எண் என்றால் 41ம் 57ம் வேறு என்பது ரீசனருக்குத் தெரியும். பெயர் வேறாக இருப்பதால் ஆள் வேறு என்று ஆவ்ல் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே தலைவர்தான் என்கிறீர்கள், இரண்டு பெயர் சொல்கிறீர்கள், அப்படியானால் இரண்டும் ஒருவருடைய பெயர்தான் என்று முடிவு கட்டும். அதன்பின் மலர்விழியின் கட்டுரைகள் கபிலனுடையவை, கபிலனின் மாணவர்கள் மலர்விழியின் மாணவர்கள். எங்கோ தொலைவில் ஒரு கணக்கு தப்பாக வரும்போதுதான் கண்ணில் படும்.

ஆட்கள் எல்லாரும் வேறு வேறு என்று 'ஆல் டிஃபரண்ட்' ஆக்சியம் போட்டால் இந்த ஒட்டுதல் நிற்கும். இப்போது அது முரண்பாடாக வெளியே தெரியும், அது நல்லதே. ஆனால் உண்மையான காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. இருவருமே தலைவர்கள்தான், வேறு வேறு ஆண்டுகளில். காலத்தை எழுத இடம் இல்லாத மாதிரியில் இரண்டு உண்மைகள் மோதிக்கொள்கின்றன.

இதற்குத் தலைமைப் பொறுப்பையே ஓர் உறுப்பாக்குங்கள். 'இயற்பியல் தலைமை ஒன்று' என்ற உறுப்பு. அதை வகிப்பவர் மலர்விழி, துறை இயற்பியல், தொடக்கம் ஒரு நாள், முடிவு ஒரு நாள். 'இயற்பியல் தலைமை இரண்டு' கபிலனுக்கு. ஃபங்ஷனல் என்ற குறி இப்போது 'வகிப்பவர்' மேல் உட்காரும், அங்கே அது உண்மையும்கூட. மாணவர் சேர்க்கை, பாடப் பதிவு, ஆய்வு வழிகாட்டுதல் என்று தொடக்கமும் முடிவும் உள்ள எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். பாடத்துக்கும் அப்படித்தான். பாடத்திட்டத்தில் இருக்கும் 'தரவுத்தள அமைப்பு' ஒன்று, இந்தப் பருவத்தில் அந்த ஆசிரியர் நடத்தும் 'தரவுத்தள அமைப்பு' இன்னொன்று. இரண்டையும் ஒரே உறுப்பாக வைத்தால், எல்லா ஆண்டு மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது போல் ஆகிவிடும்.

தேதிகளைச் சேர்க்கும்போது ஒரு கல் தடுக்கும். 'எக்ஸ்எஸ்டி டேட்' என்ற தரவு வகை ஆவ்ல் 2இன் அனுமதிப் பட்டியலில் இல்லை, 'எக்ஸ்எஸ்டி டேட்டைம்' இருக்கிறது. வெறும் தேதியைப் பார்த்தால் தெரியாத தரவு வகை என்று சொல்லி ஹெர்மிட் நின்றுவிடும். நேரத்தையும் சேர்த்து டேட்டைமாக எழுதுங்கள்.

## வரவேண்டிய விடை வரவில்லை

இதற்குப் பல காரணம் உண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில், சப்கிளாஸ் என்று எழுதியிருக்கிறீர்களா, ஈக்விவலண்ட் என்றா? 'துறைத் தலைவர், ஒரு துறைக்குத் தலைமை ஏற்கும் நபர்' என்பதைச் சப்கிளாஸாக எழுதினால் ஒரு திசைதான் ஓடும். தலைவர் என்றால் தலைமை ஏற்பார். தலைமை ஏற்பவரைத் தலைவர் என்று கண்டுபிடிக்க ஈக்விவலண்ட் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. லீஹை பல்கலைக்கழகத்தில் உருவான எல்யூபிஎம் என்ற அளவுகோல், ஒரு பல்கலைக்கழக ஆன்டாலஜியும் செயற்கைத் தரவும் 14 கேள்விகளும் கொண்டது. அதன் தரவில் தலைவர் என்று குறிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. யார் எந்தத் துறைக்குத் தலைமை என்ற தொடர்பு மட்டும்தான் இருக்கும். 12வது கேள்வி தலைவர்களைக் கேட்கும். ஈக்விவலண்ட் வரையறையைப் பயன்படுத்தத் தெரிந்த அமைப்புதான் விடை சொல்லும். உங்கள் ஏற்பாட்டைச் சோதிக்க அந்த ஒரு கேள்வியை ஓட்டிப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

அடுத்தது எண்ணிக்கை. 'முழுநேர மாணவர் = மாணவர் மற்றும் (பயில்கிறார் மின் 3 பாடம்)' என்று வரையறுத்தீர்கள். 'மின் 3' என்றால் குறைந்தது மூன்று. கபிலனுக்கு மூன்று பாடம் கொடுத்தீர்கள். அவர் முழுநேர மாணவராக வரவில்லை. காரணம் முன்பு பார்த்ததுதான். மூன்று பெயர் மூன்று பாடம் என்று ரீசனருக்குத் தெரியாது. பாடங்கள் எல்லாம் வேறு வேறு என்று ஆக்சியம் எழுதுங்கள், வந்துவிடும்.

'அதிகபட்சம் இரண்டு பாடம் படிப்பவர்' என்ற வரையறை இன்னும் கடினம். கபிலனுக்கு இரண்டு பாடம்தான் எழுதியிருக்கிறது என்பதால் மூன்றாவது இல்லை என்று ரீசனர் நினைக்காது. எழுதாததெல்லாம் பொய் என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும், எழுதாதது தெரியாதது என்று ஆவ்ல் எடுத்துக்கொள்ளும். கபிலன் இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் பயிலவில்லை என்று 'ஒன்லி' போட்டு அடைத்தால்தான் விடை வரும். ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி அடைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. 'பாடம் பதியாதவர்கள் யார்', 'கட்டணம் செலுத்தாதவர்கள் யார்' போன்ற இல்லாமையைத் தேடும் கேள்விகளை ரீசனரிடம் கேட்காதீர்கள். தரவிடம் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிளில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டுக் கேளுங்கள், கையில் இருக்கும் தரவை மட்டும் வைத்து உடனே சொல்லிவிடும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. ஒரு மாலைப்பொழுது முழுக்க இதில் போயிருக்கிறது எனக்கு. சிறப்புத் தகுதி பெறும் மாணவரை, சராசரி 8.5 அல்லது அதற்கு மேல் என்று வரையறுத்திருந்தேன். 9.1 வாங்கிய மாணவர் வரவில்லை. பெயரைச் சோதித்தேன், ப்ராப்பர்ட்டியைச் சோதித்தேன், எல்லாம் சரி. கடைசியில் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்தேன். வரையறையில் இருந்தது டெசிமல் என்ற எண் வகை, தரவில் இருந்த 9.1 டபுள் என்ற இன்னோர் எண் வகை. ஆவ்ல் 2இல் டபுள் எண்களும் டெசிமல் எண்களும் வேறு வேறு உலகம், ஒன்றோடொன்று சேராது. புரோட்டீஜேயில் 8.5 என்று தட்டினால் டெசிமலாகப் பதியும். பைதானில் ஆர்டிஎஃப்லிப் என்ற நிரல் தொகுப்பு வழியாக ஃப்ளோட் எண்ணை ஏற்றினால் டபுளாகப் பதியும். ஏற்றும் இடத்திலேயே வகையை வெளிப்படையாக டெசிமல் என்று குறித்துவிடுங்கள். வெறும் 9 என்று முழு எண்ணாக இருந்தால் தொல்லை இல்லை, முழு எண்கள் டெசிமலுக்குள் அடக்கம்.

## பாடமே இல்லாத படிப்பு, முதுநிலைப் படிப்பின் கீழே வந்து நிற்கிறது

'முதுநிலைப் படிப்பு = படிப்பு மற்றும் (கொண்டிருக்கிறது ஒன்லி முதுநிலைப் பாடம்)'. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. முழுக்க ஆய்வாக நடக்கும் 'ஆய்வுப் படிப்பு' எந்தப் பாடத்தையும் கொண்டிருக்காது என்று இன்னொரு வரி, 'கொண்டிருக்கிறது' என்பதன் ரேஞ்ச் பாடம். ரீசனரை ஓட்டினால் ஆய்வுப் படிப்பு முதுநிலைப் படிப்பின் சப்கிளாஸ். அதனிடம் பாடமே இல்லை, ஆகவே அதனிடம் உள்ள பாடங்கள் எல்லாம் முதுநிலைப் பாடங்கள் என்பது பொய்யாகாது. 'ஒன்லி' எழுதும் இடத்தில், ஒன்றாவது இருக்கிறது என்று சொல்லும் 'சம்' ஒன்றும் சேர்த்து எழுதுங்கள்: (கொண்டிருக்கிறது சம் முதுநிலைப் பாடம்) மற்றும் (கொண்டிருக்கிறது ஒன்லி முதுநிலைப் பாடம்). 'ஒன்லி' என்பது வேறொன்று இல்லை என்று மட்டும் சொல்லும், ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லாது.

## முன்தேவைப் பாடங்களில் ரீசனர் முரண்டு பிடிக்கிறது

'முன்தேவை' டிரான்சிட்டிவ் ஆக இருக்க வேண்டும்: இதற்கு அது தேவை, அதற்கு இன்னொன்று தேவை என்றால் இதற்கும் அந்த இன்னொன்று தேவை. எந்தப் பாடமும் தனக்கே முன்தேவையாக இருக்கக் கூடாது என்பதால் இர்ரிஃப்ளெக்சிவ் ஆகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ப்ராப்பர்ட்டியில் டிக் செய்தால் ரீசனர் ஓடாது, 'நான்-சிம்பிள்' ப்ராப்பர்ட்டி என்று பிழை வரும். டிரான்சிட்டிவ் ஆன ஒன்றின் மேல் இர்ரிஃப்ளெக்சிவ், ஃபங்ஷனல், எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதையும், ஹெர்மிட் போன்ற ரீசனர்கள் கையாளும் ஆவ்ல் 2 டிஎல் என்ற வடிவம் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் ரீசனர் எப்படியும் ஒரு முடிவுக்கு வரும் என்ற உறுதி போய்விடும்.

இரண்டாகப் பிரியுங்கள். 'நேரடி முன்தேவை' ஒன்று, அதை உள்ளடக்கிய 'முன்தேவை' மற்றொன்று. டிரான்சிட்டிவ் 'முன்தேவை'க்கு மட்டும். எண்ணிக்கை, இர்ரிஃப்ளெக்சிவ் எல்லாம் 'நேரடி முன்தேவை'க்கு. ஆனால் மூன்று பாடம் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வளையத்தை இது பிடிக்காது. அதற்கு ஸ்பார்க்கிள் 1.1இன் ப்ராப்பர்ட்டி பாத் இருக்கிறது. நேரடி முன்தேவைக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு, ஒரு பாடத்திலிருந்து கிளம்பி அதே பாடத்துக்கு வந்து சேர முடிகிறதா என்று கேளுங்கள். பாடத்திட்டத்தில் கை வைக்கும்போதெல்லாம் இதை ஓட்டுவது நல்ல பழக்கம். இந்த வளையத்தை விட்டுவிட்டால் அந்த மூன்று பாடத்திலும் யாராலும் சேரவே முடியாது.

## புரோட்டீஜேயில் தெரிகிறது, கேள்வி கேட்டால் வரவில்லை

புரோட்டீஜேயின் ஸ்பார்க்கிள் டேப், எழுதியதை மட்டும்தான் பார்க்கும். ரீசனர் அனுமானித்தது அதற்குத் தெரியாது. டிஎல் கொயரி டேபில் கேளுங்கள், அல்லது அனுமானங்களைத் தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அதன் மேல் ஸ்பார்க்கிள் ஓட்டுங்கள்.

டிரிபிள் ஸ்டோரில், அதாவது 'இது — தொடர்பு — அது' என்ற மூன்று பகுதி வரிகளை (டிரிபிள்) சேமிக்கும் தரவுத்தளத்தில், ஏற்றியபின் விடை குறைந்தால், அங்கே எந்த விதித் தொகுப்பு இயங்குகிறது என்று பாருங்கள். ஆர்டிஎஃப்எஸ் என்ற எளிய தொகுப்பு மட்டும் என்றால் ஈக்விவலண்ட் வரையறை எதுவும் வேலை செய்யாது. ஆவ்லில் விதிகளாக இயக்கக்கூடிய பகுதியான ஆவ்ல் 2 ஆர்எல் என்றால் பாதி வேலை செய்யும், இந்தப் பாதிதான் குழப்பும். எல்யூபிஎம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாணவர் என்பவர் ஏதாவது ஒரு பாடம் பயிலும் நபர். முதுநிலை மாணவர் என்பவர் ஏதாவது ஒரு முதுநிலைப் பாடம் பயிலும் நபர். முதுநிலை மாணவர் மாணவரின் சப்கிளாஸ் என்று நேரடியாக எழுதியிருக்காது. ஹெர்மிட் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆர்எல் விதிகளால் முடியாது, ஏனென்றால் பெயர் தெரியாத ஒரு பாடத்தை மனதில் வைத்து யோசிக்க அந்த விதிகளுக்கு வழி இல்லை. பாடப் பதிவு தரவில் இருக்கும் முதுநிலை மாணவர்கள் மட்டும் மாணவர் பட்டியலில் வருவார்கள். இன்னும் பாடம் பதியாதவர் விடுபடுவார். பருவத் தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்து, இரண்டு வாரத்தில் தானாகக் கூடினால் இதைச் சந்தேகியுங்கள். முதுநிலை மாணவர் மாணவரே என்று ஒரு வரியை வெளிப்படையாக எழுதிவிட்டால் தீர்ந்தது.

## தமிழ்ப் பெயர்கள் பொருந்தவில்லை

'பொறியியல்' என்று திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்கள் கோப்புக்குள் வேறு வேறாக இருக்கலாம். ஒகர உயிர்மெய்க்குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு எழுத்தாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் முகவரியான ஐஆர்ஐயில் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் வந்தால் ரீசனருக்கு அவை இரண்டு துறைகள், ஆசிரியர்கள் ஒன்றிலும் மாணவர்கள் மற்றொன்றிலும் இருப்பார்கள். தரவை ஏற்றுமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஐஆர்ஐக்குப் பொருளற்ற எண்களை வைத்து, தமிழை லேபிளில் வைப்பது இன்னும் பாதுகாப்பு.

லேபிளில் மொழிக்குறி இருந்தால், மொழிக்குறி இல்லாமல் ஸ்பார்க்கிளில் தேடும்போது கிடைக்காது. தமிழ் மொழிக்குறியோடு இருக்கும் 'இயற்பியல்' வேறு, குறி இல்லாத 'இயற்பியல்' வேறு. வேறோர் ஆன்டாலஜியை இம்போர்ட் செய்தபின் ஒரே கிளாஸ் இரண்டாகத் தெரிந்தால் முகவரியைப் பாருங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற வித்தியாசமோ, கடைசியில் சாய்கோடா ஹேஷா என்ற வித்தியாசமோ இருக்கும்.

## ஓடுகிறது, முடியவே இல்லை

ஆவ்ல் 2 டிஎல் முழுவதையும் பயன்படுத்தினால், மோசமான நிலையில் கணிப்பு நேரம் அடுக்குக்கு அடுக்காக ஏறும். பல்கலைக்கழக மாதிரிகளில் நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இன்வர்ஸ் (எதிர்த்திசைத் தொடர்பு), எண்ணிக்கைக் கட்டுப்பாடு, 'அல்லது' ஆகியவை ஒன்று சேருவதும், அதன் மேல் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உட்காருவதும்தான். எல்யூபிஎம்மில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கான தரவே சுமார் 1 லட்சம் டிரிபிள். அதை புரோட்டீஜேயில் ஏற்றி ரீசனர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கிளாஸ் அமைப்பை மட்டும் ஹெர்மிட்டில் சோதியுங்கள், தரவை ஆர்எல் விதி உள்ள டிரிபிள் ஸ்டோரில் வையுங்கள்.

வேகம் வேண்டும் என்று எல்க் ரீசனருக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்க் ஆவ்ல் 2 இஎல் என்ற சிறிய பகுதிக்காகச் செய்தது, அதனால்தான் அந்த வேகம். 'ஒன்லி', இன்வர்ஸ், எண்ணிக்கை ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே. அவற்றைப் பார்த்தால் நிற்காது, லாகில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு விட்டுவிட்டுப் போகும். ஹெர்மிட்டில் சிவந்த கிளாஸ் எல்க்கில் சிவக்கவில்லை என்றால் பிழை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், முதலில் அந்த லாகைத் திறந்து படியுங்கள்.

என் ஏற்பாடு இதுதான். எழுதும்போது எல்க், நாள் முடிவில் ஒருமுறை ஹெர்மிட். கூடவே ஒரு சிறிய சோதனைத் தரவு: இரண்டு துறை, ஒரு கற்பித்தல் உதவியாளர், தலைமை மாறிய ஒரு துறை, பாடம் பதியாத ஒரு முதுநிலை மாணவர், 9.1 வாங்கிய ஒருவர், வளையமாகச் சுற்றும் மூன்று பாடம். ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய விடையைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பிழை பிடிபட்டால், திருத்துவதற்கு முன்னால் அதற்கும் ஓர் உறுப்பு அந்தக் கோப்பில் சேர்ந்துவிடும்.